ஒன்பது முறை வாசித்த ஓலை

1

அம்பத்தூர், மேனாம்பேடு, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் என்னை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற பெரியோர்களுக்கும், என்னைக் காணாமலே என் கதையைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த இளையோர்களுக்கும் ரங்கூனிலிருந்து மாசிலாமணி எழுதுவது.

வருகிற தை மாதத்தோடு எனக்கும் என் மனைவி சலோமிக்கும் விவாகமாகி முப்பது வருஷம் நிறைகிறது. இங்குள்ள தமிழ்ச் சபைக்குப் புதிதாகப் போதகராக வந்திருக்கும் இளம் ஐயர் இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். ஸ்தோத்திர ஆராதனையில், கர்த்தருக்குப் பொறுமையோடு காத்திருப்பதைப் பற்றி நான் கால் மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நரைத்த தலையைக் கண்டால் அதற்குள் பொறுமை இருக்கும் என்று இளம் போதகர்கள் நம்புகிறார்கள். நானும் மிகுந்த அடக்கத்தோடு தலையை அசைத்தேன்.

அப்போது அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த சலோமி சிரித்த சிரிப்பில், ஐயர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"பொறுமையப் பத்தி இவரா?" என்றாள். "ஐயா, இவரு காத்துகினு இருந்த கதைய நான் சொல்றேன், கேளுங்க."

அவர் கேட்குமுன் நான் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டை விட்டுப் போகவில்லை. அந்தக் கதையில் பாதி மேனாம்பேட்டில் நடந்தது. அது உங்களுக்குத் தெரியும். மற்றப் பாதி இந்த ரங்கூனில், ஓர் அரிசி ஆலையின் ஆபீசுக்குள் நடந்தது. அது முழுவதும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். ஆண்டவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆகையால் நானே எழுதுகிறேன்.

2

முதலில் இங்குள்ள க்ஷேமத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் டிராமில் ஏறி ஆலைக்குப் போகிறேன். சாயங்காலம் அதே டிராமில் திரும்புகிறேன். பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்துவிடப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பிரித்த பிறகு நாங்கள் யார் என்பதற்கு எந்த ஆபீசில் எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் போல் பேசுகிறவர்கள் மட்டும் டிராமில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் மூத்த மகன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கோபம் வந்தால் பர்மிய மொழியிலும், அவசரம் வந்தால் இந்துஸ்தானியிலும், பசி வந்தால் தமிழிலும் பேசுகிறான். நல்ல வேளையாக அவனுக்கு அடிக்கடி பசிக்கிறது. சென்ற மாதம் தன் விவாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தவன், கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருக்கத் தனக்கு நேரமில்லை என்றும், சர்க்கார் ஆபீசில் ஒரு பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்றும் சொன்னான். ஓலை என்றால் என்னவென்று அவன் தங்கை கேட்டாள். ஓலை வாசித்தே விவாகமான தாய் தகப்பனுக்குப் பிறந்த பெண் கேட்ட கேள்வி இது.

உங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும் இந்தத் தாள்கள் சபைக்கு வெளியே யார் கையிலாவது அகப்படலாம். நம் சபைகளில் விவாகம் செய்ய இருக்கிறவர்களுடைய பெயர்களை மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் கோயிலிலும் மாப்பிள்ளையின் கோயிலிலும், எல்லாரும் கேட்க வாசிப்பார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதாகிலும் அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். இதற்குத்தான் ஓலை வாசித்தல் என்று பெயர். வாசித்து முடித்த மூன்று மாதத்துக்குள் விவாகம் நடந்தாக வேண்டும். தவறினால் ஓலை காலாவதியாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

எங்கள் ஓலை காலாவதியானதில்தான் கதை தொடங்குகிறது.

3

அப்போது நான் ஆலை ஆபீசில் மூன்றாவது குமாஸ்தா. சலோமி மேனாம்பேட்டில் இருந்தாள். அவள் தகப்பனார் தேவசகாயம் அம்பத்தூர் ரயில் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நான் ஊருக்கு வந்திருந்தபோது நிச்சயம் முடிந்தது. அடுத்த லீவில் விவாகம் என்று பெரியவர்கள் பேசிவைத்தார்கள். அந்த லீவை நான் துரையிடம் கேட்க வேண்டும். கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

ஆலையின் மானேஜர் ஒரு ஸ்காட்லாந்துத் துரை. சிவப்பு மீசை, எதிரில் நிற்பவனை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் இல்லாதவர். அவர் அறைக் கதவுக்கும் என் மேஜைக்கும் இடையே பதினோரு அடி இருக்கும். அந்த வருஷம் கார்த்திகையில் இரண்டு ஊரிலும் ஓலை வாசித்து முடித்தார்கள். விவாகத்தைத் தையில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில் எங்கள் தலைமைக் குமாஸ்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, தை பிறந்தால் நெல் படகுகள் வந்துவிடும், துரை ஒருவனுக்கும் லீவு தரமாட்டார் என்று பொதுவாகச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, வெற்றிலையிடம் சொன்னார் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. நான் முழங்காலில் நின்று, எகிப்து ராஜாவின் மனதைக் கையாண்ட ஆண்டவர் எங்கள் துரையின் மனதையும் இளகச் செய்யவேண்டும் என்று ஜெபித்தேன். பிறகு சலோமிக்குக் கடிதம் எழுதினேன். கர்த்தர் நம்மைச் சோதிக்கிறார், காத்திருப்போம், பொறுமை என்பது விசுவாசியின் ஆபரணம் என்று நான்கு பக்கம் எழுதினேன். நானே சுயமாகப் படித்துத் தேறிய தமிழில் முதன்முதலாக எழுதிய நீண்ட வசனம் அதுதான். எழுதிய பின் இரண்டு முறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மாசி முடிந்தது. ஓலை காலாவதியாயிற்று.

ஆனி மாதத்தில் இரண்டாம் முறை வாசித்தார்கள். அதற்காக நான் இங்கே சபை மூப்பரிடம் மீண்டும் ஒரு விண்ணப்பம் கொடுத்து, வாசித்ததற்குச் சான்றுத் தாள் வாங்கி, முத்திரை பதித்து, கப்பலில் அனுப்பி, அதைப் பூந்தமல்லியில் இருக்கிற ஐயர் பார்த்துக் கையெழுத்திட்டு, மாட்டுவண்டியில் மேனாம்பேட்டுக் கோயிலை நடத்தும் உபதேசியாருக்கு அனுப்பவேண்டியிருந்தது. இத்தனை தாள்களையும் சலிக்காமல் நகர்த்தினேன். எனக்குத் தாளிடம் பயமில்லை. ஆனால் அந்த மாதத்தில் ஆலையில் இயந்திரத்தைச் சுழற்றும் ஒரு பெரிய வார்ப்பட்டை அறுந்து, துரை மூன்று நாள் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசினார். இந்த நேரத்தில் லீவு கேட்பது ஞானமல்ல, ஆண்டவர் வேறு நேரம் குறித்திருக்கிறார் என்று நான் அறிந்துகொண்டேன். எனக்குச் சௌகரியமானதை எல்லாம் ஆண்டவர் அந்தக் காலத்தில் மிக விரைவாக எனக்கு வெளிப்படுத்தினார். ஐந்து பக்கம் எழுதினேன். வேதத்தில் ஒரு பெண்ணை மணப்பதற்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்த முற்பிதாவை எடுத்துக்காட்டினேன்.

சலோமி நான்காம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்தவள். அவளிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: அவர் பெண் வீட்டிலேயே இருந்துதானே மேய்த்தார் என்று கேட்டிருந்தாள். அது நகைச்சுவை என்று நினைத்து நான் இன்னும் மூன்று பக்கம் எழுதினேன். அதற்கு வந்த பதில் இது: "உங்கள் கடிதமும் பொறுமையும் கிடைத்தன. நீங்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை."

4

அந்த நாட்களில் மேனாம்பேட்டில் அவள் பட்டது என்ன என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். முப்பது வருஷமாக எண்ணற்ற முறை கேட்டிருப்பதால், நேரில் கண்டவன் போலவே எழுதுகிறேன்.

சபையில் பிள்ளைகளுக்கு எங்கள் ஓலை மனப்பாடமாகிவிட்டது. உபதேசியார் சாமுவேல் "ரங்கூன் பட்டணத்தில்" என்று தொடங்கினால் மிச்சத்தைப் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அது ஆராதனை முறையிலேயே ஒரு பகுதி என்று புதிதாக வந்த ஒரு குடும்பத்தார் நம்பிவிட்டார்களாம். கிணற்றங்கரையில் பெண்கள் அவளுக்கு ஓலைக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

"இன்னா சலோமி, உன் ஆளு கப்பல்ல வர்றாரா, கடல்ல நடந்து வந்துகினு கீறாரா?" என்று ஒருத்தி கேட்பாள். தண்ணீர் சேந்துகிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். சலோமி குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஆலையில் லீவு கொடுப்பதே இல்லை என்று எனக்காகப் பரிந்து பேசிவிட்டு வருவாள். இந்த ஓர் இடத்தை எழுதும்போதுதான் எனக்கு இன்றும் வெட்கமாயிருக்கிறது.

இதற்கிடையில் ஒரு வரன் வந்தது. ஆவடிப் பக்கத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர், மனைவியை இழந்தவர், கண்ணியமானவர், நடந்து வந்து பார்க்கும் தூரத்தில் இருப்பவர். தேவசகாயம் மகளை வற்புறுத்தவில்லை. மூன்றாம் முறை ஓலை வாசித்து முடிவதற்குள் ரங்கூன்காரர் வரும் தேதியை எழுதாவிட்டால், உபாத்தியாயருக்குச் சம்மதம் சொல்லிவிடுவதாக மட்டும் சொன்னார். அடுத்த கார்த்திகையில் மூன்றாம் முறை தொடங்கிற்று. நான் தேதி எழுதவில்லை. ஆறு பக்கம் எழுதினேன்.

அந்தக் கார்த்திகையில்தான் ஏகாம்பரம் ஊருக்குப் போனான். அவனும் மேனாம்பேட்டுக்காரன், பயிர்செய்கிற குடும்பம், எங்கள் ஆலையில் கொதிகலனுக்கு உமி தள்ளுகிறவன். தங்கை கலியாணத்துக்காக இரண்டு மாத லீவில் போயிருந்தான். ஏரிக்கரை வழியில் அவனைக் கண்ட சலோமி, உங்கள் ஆலையில் லீவே தரமாட்டார்களாமே, உனக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

"கேட்டேன், குடுத்தாங்க," என்றான் அவன்.

"அவரு கேட்டா மட்டும் இல்லன்றாங்களா?"

ஏகாம்பரம் பொய் சொல்லத் தெரியாதவன். தலையைச் சொறிந்தான். "மாசிலாமணி அண்ணாத்தே கேட்ட மாதிரி தெரியலமா. அந்தக் கதவாண்ட போறாரு, பேனாவத் தொடைக்கிறாரு, திரும்பி வந்து உக்காந்துக்கிறாரு. கேட்டாத்தானே குடுப்பாங்க."

அவள் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாளாம்.

5

அடுத்த ஞாயிறு மூன்றாம் முறையின் மூன்றாம் வாசிப்பு. ஆகமொத்தம் ஒன்பதாவது.

உபதேசியார் சாமுவேல் தம் ஊழிய காலம் முழுவதும் அந்தத் தடைக் கேள்வியைக் கேட்டுவந்தவர். ஒருமுறைகூட ஒருவரும் பதில் சொன்னதில்லை. ஆகையால் கேள்வியைக் கேட்கும்போதே அவர் விரல் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிடும். அன்றும் அப்படியே புரட்டினார். பெண்கள் பக்கத்தில் சலோமி எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் ஐயா. தடை கீது."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். மணப்பெண்ணே எழுந்து நிற்பதற்கு அவரிடம் இருந்த எந்த ஒழுங்குமுறையிலும் வழி சொல்லப்படவில்லை. உட்காரம்மா, ஆராதனை முடிந்து பேசலாம் என்றார்.

"எழுதிக்குங்க. எழுதினப்புறம் உக்கார்றேன்," என்றாள். "ஒரு வருஷமா கர்த்தர் லீவு குடுக்கலன்னு எழுதிகினு கீறாரு. கர்த்தர் மேல பழி. இவரு துரைய ஒரு வார்த்த கேக்கவே இல்ல. மாப்பிள்ளதான் தடை."

கேள்வியைச் சபை நடுவில் கேட்டாயிற்று. பதிலும் சபை நடுவில் வந்தாயிற்று. இனி அதை எழுதாமல் விட்டால் தாம் கேட்டது வெறும் சடங்கு என்று ஆகிவிடும் என்று உபதேசியார் பயந்தார். நேர்மையான மனிதர். புத்தகத்தைத் திறந்து, எங்கள் பெயருக்கு எதிரே, தடை என்ற கட்டத்தில் 'மணமகன்' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். சலோமி உட்கார்ந்தாள். பிறகு அனைவரும் பாட்டுப் பாடினார்களாம். என்ன பாட்டு என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

6

அந்தச் செய்தி உபதேசியாரின் கடிதமாக ஆலை ஆபீசுக்கு வந்தது. ஆட்சேபம் பதிவாகிவிட்டபடியால் மேனாம்பேட்டில் நடந்த ஒன்பது வாசிப்பும் செல்லாது என்று அவர் எழுதியிருந்தார். ஆட்சேபித்தவரே அதைத் திரும்பப் பெற்றால் ஒழிய இனி ஓலை வாசிக்கக் கூடாது என்பது பூந்தமல்லி ஐயரின் தீர்ப்பு. கீழே, தம்முடைய சொந்தப் பேரில், உபாத்தியாயர் வீட்டார் தை பத்தாம் தேதி வரை பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று சேர்த்திருந்தார்.

நான் பேனாவைத் துடைக்காமல் எழுந்தேன். பதினோரு அடி நடந்தேன். ஆறு வாரம் லீவு வேண்டும், விவாகம் என்றேன். தையில் வரும் நெல் படகுகளுக்கு ஆலை ஆயத்தமாகும் மார்கழி மாதம். கேட்பதற்கு அந்த வருஷத்திலேயே அதைவிடக் கெட்ட நேரம் இல்லை. துரை நிமிர்ந்து பார்க்காமலே சரி என்றார். பிறகு நிமிர்ந்தார். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த பின் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உனக்கு விவாகம் நிச்சயமாகி வெகு நாளாகிறது என்று கேள்விப்பட்டேனே, ஏன் முன்பே கேட்கவில்லை என்று விசாரித்தார். கர்த்தருக்குக் காத்திருந்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் ஏறெடுத்த ஜெபத்துக்குப் பதில், ஒரு பென்சிலைச் சீவும் நேரத்தில் கிடைத்துவிட்டது. பரலோகத்திலும் குமாஸ்தாக்கள் உண்டு என்றால், என் விண்ணப்பத்தின் மேல் 'சம்பந்தப்பட்ட துரையிடம் கேட்கவும்' என்று எழுதி எழுதித் திருப்பி அனுப்பியே அவர்கள் களைத்திருப்பார்கள். நான் ஆண்டவருக்குக் காத்திருக்கவில்லை. ஆண்டவர்தாம் எனக்காகக் காத்திருந்தார், அவரும் சலோமியும். அவருக்கு முடிவில்லாத காலம் இருக்கிறது. அவளுக்கு ஆவடியில் வரன் இருந்தது.

கடலைக் கடக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு அடியைக் கடக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

7

அம்பத்தூரில் இறங்கியபோது சனிக்கிழமை பிற்பகல். தேவசகாயம் கையில் கொடியோடு நின்றிருந்தார். நான் கும்பிட்டேன். அவர் கொடியைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வண்டி லேட்டானா போர்டுல எழுதிப் போடுவோம். உன்ன எதுல எழுதிப் போடறதுன்னு தெரியாம கீறேன்," என்றார். பிறகு என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார்.

சலோமி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கப்பலில் நாலு நாளாகச் சேர்த்துவைத்திருந்த மன்னிப்பு வசனத்தைத் தொடங்கினேன். அது அச்சில் போடத் தகுந்ததாக இருந்தது. அவள் இரண்டாம் வரியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"நான் எழுதச் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா புதுசா மூணு ஞாயிறு படிக்கணும்னு ஐயர் சொல்லிகீறாரு. நீங்களே வந்து உக்காந்து கேளுங்க."

மறுபடியும் எழுந்து நிற்பாயா என்று கேட்டேன்.

"அது அன்னிக்குத் தெரியும்," என்று கீரைக்குத் திரும்பினாள்.

ஓடு வேய்ந்த அந்தச் சின்னக் கோயிலில் ஆண்கள் வலது பக்கப் பாயிலும் பெண்கள் இடது பக்கப் பாயிலும் உட்காருவது உங்களுக்குத் தெரியும். நான் ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவளை என்னால் பார்க்க முடியாது. உபதேசியாரின் முகத்தைப் பார்த்துத்தான் பின்னால் நடப்பதை அறிய வேண்டும். அவர் முகமோ என்னைவிடப் பயந்திருந்தது. முதல் ஞாயிறு அவர் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். ஒருவரும் எழவில்லை. இரண்டாம் ஞாயிறு பெண்கள் பக்கத்தில் சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அழுத குழந்தையை ஒரு தாய் வெளியே தூக்கிப் போனாள். தாங்க முடியாமல் நான் என் பாயின் ஓரத்தைப் பிய்த்து வைத்திருந்தேன் என்று பின்னால் கண்டார்கள்.

அந்த மூன்று வாரமும் நான் ஒரு பக்கம்கூட எழுதவில்லை, யாரையும் எடுத்துக்காட்டவில்லை. துரையைக் கேட்டாயிற்று, கடலைக் கடந்தாயிற்று, தவறை ஒப்புக்கொண்டாயிற்று. இனி என் கையில் ஒன்றும் இல்லை. இளம் ஐயர் என்னைப் பேசச் சொன்ன பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவே. செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டு வெறுங்கையோடு உட்காருவதுதான் காத்திருத்தல். அதற்கு முன் நான் செய்ததெல்லாம் ஆண்டவருடைய அங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

மூன்றாம் ஞாயிறு தை எட்டாம் தேதி. கோயில் நிறைந்து, ஜன்னலுக்கு வெளியே ஏகாம்பரமும் அவன் சிநேகிதர்களும் நின்றார்கள். உபதேசியார் ஓலையை வாசித்தார். பிள்ளைகள்கூட முணுமுணுக்கவில்லை. தடை அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று கேட்டார். வழக்கம்போல் பக்கத்தைப் புரட்டத் துணியாமல், விரலை அப்படியே வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்தார். நேரம் போயிற்று. யாரோ இருமினார்கள். இன்னும் நேரம் போயிற்று. உபதேசியார் அசையவில்லை.

எனக்குப் பின்னால், உட்கார்ந்த இடத்திலிருந்தே, அவள் குரல் கேட்டது.

"இன்னும் இன்னாத்துக்குக் காத்துகினு கீறீங்க ஐயா? அடுத்தத படிங்க."